விடுப்புக்காரி

"உங்கட மகள் கெட்டிக்காரி. ஆனா..."

பெற்றோர் சந்திப்புக்குப் போய்ப் பழகிய தாய்மாருக்கு இந்த 'ஆனா' தெரிந்திருக்கும். மூன்றாம் தரத்து ரீச்சர் அந்தச் சொல்லோடு நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னா. சின்னவள் வாய் மூடுகிறாளில்லை. பக்கத்துப் பிள்ளையை எழுத விடுகிறாளில்லை. முன் வாங்கில், ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு நடுவில், கடைசியில் சுவரோடு தனியே என்று மூன்று இடம் மாற்றிப் பார்த்தாவாம்.

"சுவரோட இருத்தின அண்டைக்குச் சுவரில நிண்ட பல்லியைப் பற்றி என்னட்டை ஆறு கேள்வி கேட்டவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ரீச்சர் சிரிக்கவில்லை. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பல்லிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாதுதான்.

வீட்டுக்கு வந்து "என்ன பிள்ளை செய்தனீ?" என்று கேட்டேன். "கதைச்சனான் அம்மா. அதுக்கு ரீச்சர் பேசினவ" என்றாள். சென்னையில் இருக்கிற ஒரு சிநேகிதிக்கு இதை அப்படியே சொன்னபோது அவளுக்கு விளங்கவில்லை. எங்களுக்குக் கதைக்கிறது வேறு, பேசுகிறது வேறு. கதைத்தால் பேச்சு விழும்.

அதேபோல இன்னொரு சொல் விடுப்பு. இந்தியாவில் அது லீவு. எங்கள் ஊரில் லீவு லீவுதான். விடுப்பு என்பது தனக்குத் தேவையில்லாததை அறிய ஆசைப்படுவது. வேலிக்குள்ளால் எட்டிப் பார்ப்பது விடுப்பு. பெரியவர்கள் கதைக்கும்போது காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பது விடுப்பு. "ஏன்?" என்று மூன்றாவது முறை கேட்டாலும் விடுப்புத்தான். பாடப்புத்தகத்தில் அறிவார்வம் என்று அழகான சொல் இருக்கிறது. அந்தச் சொல்லால் ஒரு பிள்ளையை யாரும் கூப்பிட்டதை நான் இந்த 36 வயதுக்குள் கேட்டதில்லை. சின்னவளுக்கு ஐந்து வயதிலேயே ஊர் பெயர் வைத்துவிட்டது. விடுப்புக்காரி.

நாங்கள் இருப்பது கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்தின் வலது கரை வாய்க்கால் தண்ணீரில் வாழ்கிற ஊர். அவருக்கு மூன்று ஏக்கர் வயல். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். மூத்தவனிடம் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவான். ஓமா இல்லையா என்பதை ஆட்டுகிற விதத்தில் நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவன் மிச்சம் வைப்பதையும் சேர்த்துச் சின்னவள் கதைப்பாள்.

ஒருமுறை வவுனியாவுக்கு பஸ்ஸில் போகிறோம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வழக்கம்போல பஸ் நின்றது. சனம் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுகிறது. இவள் கொண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், எல்லா வாகனமும் ஏன் இதில நிக்குது?" கும்பிட்டுப் போனால் பயணம் நல்லபடி அமையும் என்றார் அவர். "நிக்காமல் போனா என்ன நடக்கும்?" பிழையாக ஏதும் நடக்கும். "ஆராவது நிக்காமல் போய்ப் பாத்தவையா?" கொண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் கச்சான் சரையைப் பிரித்து அவள் கையில் திணித்தேன். வாய் நிறையக் கச்சான் இருந்தால் ஐந்து நிமிடமாவது கிடைக்கும்.

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனது இதைவிட மோசம். கடல் தண்ணீரில் விளக்கெரிக்கிற கோயில் அது. அந்தச் சனத்துக்குள் நின்று, உரத்த குரலில், "உப்புத் தண்ணியில எப்பிடி அம்மம்மா எரியும்? வீட்டில ஒருக்கா எரிச்சுப் பாப்பமா?" என்று கேட்டாள். அம்மா அவளுடைய வாயைத் தன் கையால் பொத்தியே விட்டா.

அந்தக் கையைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்தேன். பத்திரமாக வைத்திருப்பதற்காகப் பொத்துகிற கை அது. ஆத்திரத்தில் பொத்துகிற கை இப்படி நடுங்காது. அந்தக் கை என் வாயிலும் இருந்திருக்கிறது. எங்கள் தலைமுறைக்குக் கதையாதே என்பது ஒழுக்கம் பற்றிய சொல்லாக இருக்கவில்லை; உயிர் பற்றியதாக இருந்தது. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருடைய அண்ணன் எங்கே போனான், எந்தப் பக்கத்தால் வந்தீர்கள் என்று எதையும் வெளியில் சொல்லக் கூடாது. சோதனைச் சாவடி வரிசையில் நின்ற தாய்மாருக்குத் தங்கள் பிள்ளை வாய் தவறி என்ன சொல்லிவிடுமோ என்பதுதான் பெரிய பயம். வாயில்லாப் பிள்ளை நல்ல பிள்ளை. 2009 மே மாதத்தோடு சண்டை முடிந்தது. அந்தக் கை மட்டும் இறங்கவில்லை. சண்டை முடிந்து ஆறு வருடம் கழித்துப் பிறந்த ஒரு பிள்ளையின் வாயைத் தேடி வந்து பொத்துகிறது.

"நுணலும் தன் வாயால் கெடும்" என்பது அம்மாவின் முதற் பழமொழி. அதற்கும் கேள்வி வந்தது. நுணல் என்றால் என்ன? தவளை. கத்தினால் பாம்புக்கு இடம் தெரிந்துவிடும். "அப்ப கத்தாட்டி மற்றத் தவளைக்கு எப்பிடித் தெரியும்?"

இதற்குப் பதில் எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. பிற்காலத்தில் அவளே கண்டுபிடித்து வந்து சொன்னாள்: மழைக்குக் கத்துவது ஆண் தவளை, பெண் தவளையைக் கூப்பிடுகிறது, கத்தாத தவளைக்குக் குஞ்சு இல்லை. அம்மா அன்றிலிருந்து அந்தப் பழமொழியை விட்டுவிட்டா.

பெற்றோர் சந்திப்புக்குப் பிறகு நானும் ஒரு திட்டம் போட்டேன். மாலையில் ஒரு மணித்தியாலம் கதைக்காமல் இருந்தால் பத்து ரூபா. முதல் நாள் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வந்து "இப்ப எவ்வளவு நேரம் முடிஞ்சுது?" என்று கேட்டாள். அதுவும் கதைதானே என்றேன். "அது கணக்கில சேராது அம்மா, அது மணி கேக்கிறது" என்றாள். மூன்றாம் நாள் திட்டத்தைக் கைவிட்டேன். மூத்தவன் ஒன்றும் சொல்லாமல் வந்து கையை நீட்டினான். முப்பது ரூபா அவனுக்குப் போனது.

அடுத்த யோசனை பக்கத்து வீட்டுக்காரரது. "வாய் இருக்குதெல்லோ, பேச்சுப் போட்டிக்கு விடுங்கோ." தமிழ் மொழித் தினப் போட்டிகள் பாடசாலை மட்டத்தில் தொடங்கி, வலயம், மாகாணம், தேசியம் என்று மேலே போகும். வென்றால் சான்றிதழும் கிடைக்கும், ஊரில் பெயரும் கிடைக்கும். எனக்கும் ஆசை வந்தது. ஒரு மாஸ்ரரைப் பிடித்து உரை எழுதுவித்தோம். தேனினும் இனிய, வானினும் உயர்ந்த, கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தே. எங்கே கையை உயர்த்துவது, எங்கே குரலை இறக்குவது என்றுகூடக் கொப்பியில் குறித்துத் தந்தார். ஒரு மாதம் பாடமாக்கினாள். கிணற்றடியில், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது, படுக்கையில் என்று எங்கேயும் அதே உரை.

பாடசாலை மட்டத்திலேயே முடிந்துவிட்டது. "கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தே" என்று கையை உயர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு அடித்தது. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் நடுவர்களைப் பார்த்து, "மண் இல்லாட்டி அந்த நேரம் ஆக்கள் எங்க நிண்டவை?" என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு நடுவர் மணியை அடித்தார்.

எனக்கு அன்று வந்த கோபம் இன்று வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றுதான் ஒன்று விளங்கியது. நாங்கள் அவளுக்கு வடிகால் என்று கொடுத்தது வேறு யாரோ எழுதிய பதில்களை. அவளிடம் இருந்ததோ கேள்விகள். பேச்சுப் போட்டியை நான் குறை சொல்லவில்லை. கூச்சப்படுகிற பிள்ளையை மேடையில் ஏற்றிவிட அதைவிட நல்ல வழி இல்லை. சின்னவளுக்கு மேடை தேவைப்படவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது பதில் சொல்ல எதிரே ஒரு ஆள்.

நாலாம் தரத்துக்குப் புதிதாக ஒரு ரீச்சர் வந்தா. கல்வியியற் கல்லூரி முடித்து முதல் நியமனம். மெலிந்த உருவம், மோட்டார் சைக்கிளில் வருவா. முதல் கிழமையே கூப்பிட்டு அனுப்பினா. 'ஆனா' வரப்போகிறது என்று தயாராகப் போனேன்.

"அக்கா, இவ ஒரு நாளைக்கு எத்தினை கேள்வி கேக்கிறா எண்டு எண்ணிப் பாத்தனீங்களே?"

இல்லை என்றேன்.

"நான் எண்ணினனான். செவ்வாய்க்கிழமை நாப்பத்தொண்டு. அதில கனக்க எனக்கே தெரியாது."

ஒரு ஆசிரியர் வாயால் "எனக்குத் தெரியாது" என்பதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நாங்கள் படித்த காலத்தில் ரீச்சருக்குத் தெரியாதது என்றால் அது பாடத்தில் இல்லாதது. பாடத்தில் இல்லாதது தேவையில்லாதது.

அவ செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு கொப்பி வாங்கி வரச் சொன்னா. கேள்வி வந்ததும் வாயைத் திறக்காமல் கொப்பியில் எழுத வேண்டும். பாடத்தைப் பற்றியது என்றால் மட்டும் கையை உயர்த்தலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் பத்து நிமிடம் கொப்பி திறக்கப்படும். மூன்று கேள்வியை அவளே தெரிந்தெடுக்க வேண்டும். நாற்பதிலிருந்து மூன்றைத் தெரிந்தெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று வியாழன் இரவுகளில் பார்த்தேன். வெட்டுவாள், திரும்ப எழுதுவாள், "இது சும்மா கேள்வி" என்று தனக்குத்தானே சொல்லுவாள். எட்டு வருடமாக நான் சொல்லி விளங்காதது, எந்தக் கேள்வி கேட்கத்தக்கது என்பது, கொப்பியின் ஓரத்தில் தானாக விளங்கத் தொடங்கியது. ஒரு மாதத்தில் வகுப்பில் இன்னும் ஏழெட்டுப் பேர் கொப்பி வைத்திருந்தார்கள்.

எல்லாம் சரிவந்தது என்று சொல்ல மாட்டேன். முதலாம் தரத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் வேலையைக் கொடுத்துப் பார்த்தா. சின்னவள் புத்தகம் முழுவதையும் தானே வாசித்து, குரல் மாற்றி நடித்து, நடுவில் விளக்கமும் சொல்லி முடிக்கும்போது எதிரில் இருந்த குழந்தை வாங்கில் தலை வைத்துத் தூங்கிவிட்டதாம். அந்த வேலை இரண்டு கிழமையில் பறிபோனது. அழுதாள். ரீச்சர் சமாதானம் சொல்லவில்லை. "பிள்ளை, நீ கதைச்சனி. அவன் சொல்லுறதைக் கேட்டனியே?" என்று மட்டும் கேட்டா. அதற்குப் பிறகு புது விதி வந்தது. கேள்வி கேட்டால், மற்றவர் சொல்லி முடிக்குமட்டும் உதட்டைத் திறக்கக் கூடாது. இவளுக்கு அதுதான் உலகத்திலேயே கஷ்டமான பாடம். இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்தபடி இருப்பாள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

பெற்றோர் பக்கத்திலும் முறைப்பாடு வந்தது. எங்கள் ஊரில் நாலாம் தரத்திலேயே ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ரியூசன் தொடங்கிவிடும். கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பி, "இந்தக் கேள்விக் கொப்பியால பரீட்சையில எத்தினை புள்ளி வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அதுவும் ஒரு கேள்வி என்பதை அவர் கவனிக்கவில்லை. ரீச்சர் "தெரியாது" என்றா. அந்தச் சொல் கூட்டத்தில் அவ்வளவு எடுபடவில்லை.

அந்த வருடம் ஆவணி மாதம், சிறுபோக வெட்டு முடிந்த கையோடு, வாய்க்கால் துப்புரவாக்க பெக்கோ வந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், வெட்டிப் போட்ட மண்ணுக்குள் துருப்பிடித்த ஒன்று கிடந்ததைச் சின்னவள் கண்டிருக்கிறாள். பின்பக்கம் வால் மாதிரித் தகடு. விடுப்புக்காரிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

எனக்கு வன்னி மண்ணில் பிள்ளை வளர்ப்பதில் இருக்கிற பெரிய பயமே இதுதான். வேறு ஊரில் ஆர்வமுள்ள பிள்ளை எதையும் எடுத்துப் பார்க்கலாம், கழற்றிப் பார்க்கலாம், கல்லால் தட்டிப் பார்க்கலாம். இங்கே அப்படிப் பார்த்த பிள்ளைகளின் கைகளை நாங்கள் அறிவோம். கண்ணிவெடி விழிப்புணர்வுக்காரர் பள்ளிக்கூடத்துக்குப் படங்களோடு வந்து சொல்லிக்கொடுப்பது மூன்று விசயம். தொடாதே. கிட்டப் போகாதே. பெரியவர்களிடம் சொல்லு.

இவள் தொடவில்லை. கிட்டப் போகவில்லை. மூன்றாவதைத் தேவைக்கு மேல் செய்தாள். வழியில் கடைக்கார மாமாவிடம் சொன்னாள். சைக்கிளில் போன ஒருவரை மறித்துச் சொன்னாள். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் சொன்னாள். கூட்டுறவுச் சங்கத்துக்கு ஓடிவந்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க எனக்குச் சொன்னாள். பிறகு திரும்பிப் பள்ளிக்கூடத்துக்கே போய் ரீச்சரிடம் சொன்னாள். பொலிஸ் வந்து நாடா கட்டியது. இரண்டு நாள் கழித்து, உரிய ஆட்கள் வந்து அதை வெடிக்கவைத்துச் செயலிழக்கச் செய்தார்கள். சத்தம் வயலைத் தாண்டிக் கேட்டது. அம்மா அடுப்படியில் நிலத்தில் குந்திவிட்டா. பழக்கம்.

அன்றிரவு அம்மா சொன்னா: "முந்தி உதைக் கண்டா நாங்கள் வாய் திறக்கிறேல்லை. கண்டதெண்டு சொன்னாலே ஆயிரம் விசாரணை."

சின்னவளின் கொப்பியில் அந்த வெள்ளிக்கிழமை ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இதை யார் விட்டது, யாருக்கு விட்டது?

ரீச்சர் அதற்குக் கீழே, "இதற்கான பதில் என்னைவிட உமது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும்" என்று எழுதி அனுப்பியிருந்தா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சிக்கலானதை மட்டும் எங்கள் தலையில் கட்டுகிறாவா? அடுத்த நாளே போய்க் கேட்டேன்.

"அக்கா, வகுப்பில முப்பது பிள்ளையள். முப்பது வீட்டிலயும் முப்பது பதில் இருக்கும். நான் ஒண்டைச் சொன்னா மற்ற இருபத்தொன்பதும் பிழையெண்டு ஆயிடும்."

நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். சின்னவளிடம் "பிறகு சொல்லுறன்" என்றேன். அவள் கொப்பியில் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் 'பிறகு' என்று எழுதிக்கொண்டாள்.

மழை வந்தது அதற்குப் பிறகு. எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான். வடகீழ்ப் பருவக்காற்று தருவதை வைத்துத்தான் காலபோகமும், குளமும், அடுத்த வருடத்துச் சிறுபோகமும். அந்த மாதங்களில் கடையில், கோயிலில், சாவீட்டில்கூட ஒரே கதை: "குளம் எத்தினை அடி?" இரணைமடு நிறைய 36 அடி. ஒவ்வொரு அடிக்கும் ஊரின் முகம் மாறும்.

சுற்றாடல் பாடத்தில் மழைமானி செய்தார்கள். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் தலையை வெட்டி, வெட்டிய துண்டை மூடியில்லாமல் புனல் மாதிரிக் கவிழ்த்துச் செருக வேண்டும். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் சின்னக் கற்கள் போட்டு, நேரான பகுதி தொடங்குமட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த மட்டம்தான் பூச்சியம். அங்கிருந்து அடிமட்டத்தை ஒட்டிவிட்டால் மழை எத்தனை மில்லிமீற்றர் என்று வாசிக்கலாம். சின்னவள் தன்னுடையதை மாமரத்துக்குக் கீழே வைத்தாள். மழை விட்ட பிறகும் இலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. வகுப்பிலேயே கூடிய மழை எங்கள் வீட்டில்தான் பெய்திருந்தது. பிறகு வெளியான இடத்துக்கு மாற்றினாள்.

"பெரிய வாளி வைச்சா கூட மழை பிடிக்கும் என்ன?" என்று நானே கேட்டேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நான் முடிக்குமட்டும் இருந்துவிட்டு, கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போனாள். அகலமான வாளி ஒன்று, ஒடுக்கமான பேணி ஒன்று. இரண்டும் பக்கம் நேரானவை. மழை விட்டதும் அடிமட்டத்தை வைத்துக் காட்டினாள். இரண்டிலும் ஒரே உயரம். கூட்டுறவுச் சங்கத்தில் பதின்மூன்று வருடமாகக் கணக்கு எழுதுகிறேன்; இதை நான் யோசித்ததே இல்லை.

ரீச்சர் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தா. எங்கள் பள்ளிக்கூடங்களில் காலைப் பிரார்த்தனையில் தேவாரத்துக்குப் பிறகு நற்சிந்தனை, செய்தி என்று பிள்ளைகள் வாசிப்பார்கள். செய்தி பத்திரிகையிலிருந்து வெட்டியதாக இருக்கும், ஒருவரும் கேட்பதில்லை. அதற்குப் பின்னால் மழைச் செய்தி சேர்ந்தது. "நேற்றுக் காலை 6.30 மணியிலிருந்து இன்று காலை 6.30 மணி வரை பெய்த மழை 14 மில்லிமீற்றர்." அவ்வளவுதான். பத்து வினாடி. வானிலைக்காரர் காலை 8.30க்குத்தானே அளக்கிறார்கள், நாங்கள் ஏன் 6.30க்கு என்று கேட்டாளாம். கிறீனிச்சில் 3 மணி ஆகும்போது எங்களுக்கு 8.30, உலகம் முழுக்க ஒரே நேரத்தில் பார்ப்பதற்காக அப்படி. உனக்கு அந்த நேரம் கணிதப் பாடம், அதனால் 6.30. தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும் என்றாவாம் ரீச்சர்.

ஒரு மில்லிமீற்றர் என்றால் எவ்வளவு? நிலத்தில் ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரம் கீறி, ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றிக் காட்டியிருக்கிறா. ஒரு ஏக்கருக்கு அது கிட்டத்தட்ட 4,000 லீற்றர். அன்று இரவு சாப்பாட்டில் சின்னவள் தகப்பனிடம், "அப்பா, உங்கட வயலுக்கு நேற்று ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் லீற்றர் வந்திருக்கு" என்றாள்.

அவர் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார். இவள் கதைக்கும்போது "ம்" போடுகிற மனிதர் அவர். எட்டு வருடமாக "ம்" மட்டும்தான்.

"எப்பிடிப் பிள்ளை?"

மூன்று ஏக்கர், பதினாலு மில்லிமீற்றர் என்று விரித்துச் சொன்னாள். "ஆறாயிரம் லீற்றர் பவுசர் எண்டா இருபத்தெட்டு பவுசர் அப்பா." அவர் கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்தார். சரி. அடுத்த நாள் விடியவே, பல் துலக்க முன்னமே, முற்றத்தில் நின்று கேட்டார்: "இண்டைக்கு எவ்வளவு?"

பிறகு பக்கத்து வயல்காரர் வேலியில் நின்று கேட்கத் தொடங்கினார். கடைக்கார மாமா கேட்டார். விடுப்புக்காரியிடம் ஊர் விடுப்புக் கேட்டது. வகுப்பில் அவள் கதைப்பது குறைந்ததா என்றால், குறைந்தது, நின்றுவிடவில்லை. இன்னும் முறைப்பாடு வரும். ஆனால் யாரும் கேட்காத இடத்தில் கதைக்கிறவளின் குரலில் ஒரு அவசரம் இருக்கும், இடையில் வெட்டிவிடுவார்களோ என்று ஓடுகிற அவசரம். அது போய்விட்டது. நிறுத்தி நிறுத்திக் கதைக்கிறாள்.

2024 நவம்பர் கடைசியில் புயல் மழை வந்தது. பள்ளிக்கூடம் பூட்டு, உயர்தரப் பரீட்சையே இடையில் நிறுத்தினார்கள். முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். 6.30க்கு அளக்கப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான் விடவில்லை. பாம்பு வரும், வழுக்கும், இடி விழும் என்று வாயில் வந்த காரணமெல்லாம் சொன்னேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் போத்தல் சரிந்து கிடந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவில் இருக்கிறது. வருடத்தின் ஆகப் பெரிய மழை அது. அவளிடம் மட்டும் கணக்கு இல்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும், "குத்துமதிப்பா ஒரு நம்பர் போடட்டே?" என்று ரீச்சரிடம் கேட்டிருக்கிறாள். வேண்டாம், அளக்காததை அளக்கவில்லை என்றே எழுது என்றாவாம். கொப்பியில் அந்தத் திகதிகளுக்கு நேரே சிவப்புப் பேனையால் 'அளக்கவில்லை' என்று இருக்கிறது. காலைப் பிரார்த்தனையிலும் அப்படியே வாசித்தாள்.

மார்கழியில் ஒரு இரவு கரண்ட் போனது. வெளியே மழை. விளக்கை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர், அம்மா, நான், சின்னவள். அவள் கொப்பியைத் திறந்து பழைய பக்கமொன்றைத் தேடினாள். 'பிறகு' என்று எழுதின பக்கம்.

"இப்ப பிறகு தானே அம்மா?"

யார் விட்டது என்பதிலிருந்து தொடங்க எனக்கு முடியவில்லை. மழையிலிருந்து தொடங்கினேன். 2008 நவம்பரிலும் இப்படி ஒரு புயல் வந்தது என்றேன். இந்த வளவு முழுக்க மேற்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனம். தறப்பாளுக்குக் கீழே குழந்தைகள். இந்த மாமரத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் பங்கர். மழை அதற்குள் நிரம்பிவிட்டது. ஷெல் வந்தால் உள்ளே இறங்க வேண்டும். இறங்கினால் கழுத்தளவு தண்ணீர். அன்றிரவு அம்மா என்னையும் தம்பியையும் பங்கர் வாசலில் இருத்தி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றா.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தா. தம்பியைப் பற்றி இந்த வீட்டில் அவ பெயர் சொல்லிக் கதைத்து வருடங்கள் ஆகின்றன.

நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நிறைய நேரம் எடுத்தது. சின்னவள் ஒரு தரமும் குறுக்கிடவில்லை. இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக் கடித்தபடி, விளக்கு வெளிச்சத்தில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள், இன்னும் இருக்கிறதோ என்று.

பிறகு கேட்டாள். "அண்டைக்கு எத்தினை மில்லிமீற்றர் அம்மா?"

"தெரியாது பிள்ளை. அளக்கேல்லை."

"ஒருத்தருமா?"

"இஞ்ச ஒருத்தரும் அளக்கேல்லை" என்றா அம்மா.

அவள் சிவப்புப் பேனையை எடுத்தாள். கொப்பியில் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, மேலே 2008 நவம்பர் என்று எழுதி, நேரே 'அளக்கவில்லை' என்று எழுதினாள். பேனையை மூடாமல் அம்மம்மாவுக்குக் கிட்ட நகர்ந்து இருந்தாள்.

"மாமாவுக்கு அப்ப எத்தினை வயசு அம்மம்மா?"